பயம் குடியிருக்கும் வீட்டில் சமாதானம்: ரங்கூன் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரங்கூனில் எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்கூட்டத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவருகிறேன். கூட்டத்தில் கேட்கப்படும் கேள்விகள் வேறு, கூட்டம் முடிந்தபின் கேட்கப்படும் கேள்விகள் வேறு. எல்லோரும் எழுந்து போகும்போது, செருப்பைத் தேடும் சாக்கில் வாசலில் தங்கி நின்று ஒருத்தி மெல்லக் கேட்பாளே, அதுதான் அவள் வீட்டிலிருந்து சுமந்து வந்த கேள்வி. அப்படி வாசலில் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதுகிறேன். யாருடைய வீடு என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் போதகர் அல்ல. வேதத்தை வாசித்தும், பல வீடுகளின் அடுப்படியில் உட்கார்ந்தும் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

எந்நேரமும் பயமாக இருக்கிறது. அப்படியென்றால் எனக்கு விசுவாசம் இல்லையா?

இருக்கிறது. பயமும் விசுவாசமும் ஒரே நெஞ்சில்தான் குடியிருக்கின்றன. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது 56ஆம் சங்கீதம். பயம் தீர்ந்த பிறகு நம்புகிறேன் என்று தாவீது பாடவில்லை. பெலிஸ்தர் அவரைக் காத் ஊரில் பிடித்திருந்த நேரத்துப் பாட்டு அது என்று அதன் தலைப்பே சொல்கிறது.

பர்மாவில் பிறந்த தமிழருக்குப் பயம் பரம்பரைச் சொத்து. 1941 டிசம்பரில் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வெளியேறினார்கள். வழியில் விட்டுவந்த பிள்ளையின் பெயரைச் சாகும்வரை சொல்லாத பாட்டிகள் இங்கே இருந்திருக்கிறார்கள். பிறகு 1964இல் கடைகள் அரசுடைமையாயின, கப்பல்கள் நம்மவரை ஏற்றிக்கொண்டு மதராசுக்குப் போயின. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தது. இராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரிக்குப் பிறகு வந்ததை நான் எழுத வேண்டியதில்லை. இத்தனைக்கும் பிறகு பயமே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் அதை எங்கே புதைத்து வைத்திருக்கிறார் என்றுதான் நான் கவலைப்படுவேன்.

ஏனென்றால் சொல்லாத பயம் சும்மா இராது. குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்ற சண்டையாக வரும். பிள்ளையின் மதிப்பெண்மேல் விழுகிற அடியாக வரும். ஆகவே பயத்தை முதலில் தேவனிடம் சொல்லுங்கள், அதே நாளில் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். "வாடகை நாளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லும் ஆண்பிள்ளையை நான் தைரியசாலி என்பேன்.

எங்கள் வீட்டில் சண்டையே இல்லை, ஆனால் நிம்மதியும் இல்லை. இது சமாதானமா?

நம் மொழியே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. இரண்டு பேர் மனம் முறிந்திருக்கும்போது நடுவே ஒருவர் போய்ப் பேசுவதைச் "சமாதானம் பேசுவது" என்கிறோம். வேதத்தைத் தமிழாக்கியவர்கள் அந்தச் சொல்லைத்தான் எடுத்தார்கள். பேசாமல் சமாதானம் வராது. சிலர் வீட்டில் ஆறு மாதம் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாமல், பிள்ளையைத் தூது விட்டே காலத்தை ஓட்டுகிறார்கள். அதற்குப் பெயர் அமைதி அல்ல. இரண்டு பேரும் களைத்துப்போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று எபேசியர் நிருபத்தில் பவுல் எழுதுகிறார். எல்லாச் சண்டையும் ஒரே பொழுதில் தீரும் என்று இதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை. என் கணவரும் நானும் வெகுகாலம் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். தீராத விஷயமாக இருந்தால், "இது இன்னும் முடியவில்லை, சனிக்கிழமை பேசுவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்போம். அந்த ஒரு வாக்கியத்தில் எரிச்சலின் சூடு பாதி இறங்கிவிடும்.

மகனை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டேன். இரவெல்லாம் தூக்கம் இல்லை. அனுப்பியது தவறா?

இப்போது மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். 2024 பிப்ரவரி 10 அன்று கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தார்கள். 18 முதல் 35 வயதுக்குட்பட்ட ஆண்கள், 18 முதல் 27 வயதுக்குட்பட்ட பெண்கள் அதில் அடங்குவார்கள். அந்த வாரத்திலிருந்து எங்கள் ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பங்களின் தன்மையே மாறிவிட்டது. வேலைக்காகவும் கல்யாணத்துக்காகவும் ஜெபிக்கச் சொன்ன தாய்மார் பாஸ்போர்ட்டுக்காகவும் எல்லைச் சோதனைச் சாவடிக்காகவும் ஜெபிக்கச் சொன்னார்கள்.

மோசேயின் தாய் யோகெபேத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன அரசன் காலத்தில் அவள் பிள்ளையை மூன்று மாதம் ஒளித்து வைத்தாள். இனி ஒளிக்க முடியாது என்றபோது நாணற்பெட்டி செய்து, பிசினும் கீலும் பூசி, நதியோரத்தில் வைத்தாள். அனுப்பியது அவளுக்கு அன்பு குறைந்ததாலா? பிள்ளையை அப்படி ஒளித்து வைத்ததை எபிரெயர் நிருபம் விசுவாசத்தின் செயல் என்று எழுதிவைத்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவள் பிசின் பூசினாள். தண்ணீர் கசியாதபடி தன் கையால் செய்யக்கூடியதைச் செய்தாள். அத்துடன் பெட்டிக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க மகளைத் தூரத்தில் நிறுத்தினாள். நம் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். ஏஜென்ட் தரும் தாளை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பாஸ்போர்ட்டின் நகலை வீட்டில் வையுங்கள். கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று ஆசைகாட்டித் தாய்லாந்து எல்லையிலுள்ள மியாவாடிப் பக்கத்து மோசடிக் கூடாரங்களில் அடைத்துவிடுகிறார்கள். வேலை எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் என்று தெரியாமல் பிள்ளையைப் படியிறங்க விடாதீர்கள். போகிற ஊரில் ஒரு தமிழ்ச் சபையையோ, பழகிய ஒரு குடும்பத்தையோ முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர்கள்தான் நாணல் ஓரத்தில் நிற்கும் அக்காள்.

அனுப்பிய பிறகு, உங்கள் தூக்கமின்மையை எல்லாம் அவன்மேல் ஏற்றாதீர்கள். மின்சாரமும் இணையமும் வந்துபோகும் ஊரில் இருக்கிறோம். ஞாயிறு மாலை என்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள் பேசாவிட்டால் அவனுக்கு மறதி, நன்றி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பணம் வந்ததா என்று கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அயல்நாட்டில் தனி அறையில் கிடக்கும் பையனுக்கு அந்த வரிசை தெரியும்.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுத்துப்போவதுதானே நான் சுமக்க வேண்டிய சிலுவை?

இல்லை. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். இயேசு சிலுவையைத் தாமே மனமொப்பி எடுத்தார். உங்கள் கன்னத்தில் விழும் அடியை நீங்கள் எடுக்கவில்லை, அது உங்கள்மேல் போடப்படுகிறது. அடிக்கிறவன் செய்வது பாவம். அதை மூடிமறைக்க உதவினால், அவன் அந்தப் பாவத்தில் நிலைத்திருக்க நாமே வசதி செய்துகொடுத்தவர்களாவோம்.

"மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்தை மட்டும் ஆண்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தின வசனம் "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. பின்வரும் வசனம் புருஷன் தன் மனைவிக்காகத் தன்னையே கொடுக்க வேண்டும் என்கிறது. கையை ஓங்குகிறவன் அந்தப் பகுதியில் எந்த வரிக்கும் கீழ்ப்படியவில்லை.

அபிகாயிலின் கதையை 1 சாமுவேல் 25இல் வாசியுங்கள். அவள் கணவன் நாபால் முரடன், குடிகாரன். அவன் மூடத்தனத்தால் வீடே அழியப்போகிறது என்று தெரிந்ததும், அவனிடம் சொல்லாமலே கழுதைகளில் உணவை ஏற்றிக்கொண்டு போய்த் தாவீதை வழியில் சந்தித்து வீட்டாரின் உயிரைக் காத்தாள். திரும்பி வந்தபோது நாபால் விருந்தில் வெறித்திருந்தான். அன்றிரவு அவள் ஒன்றும் பேசவில்லை. பொழுது விடிந்து வெறி தெளிந்த பிறகே நடந்ததைச் சொன்னாள். போதையில் இருப்பவனிடம் நியாயம் பேசக் கூடாது என்று மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. வேதம் அவளை மகா புத்திசாலி என்கிறது, அடங்காதவள் என்று சொல்லவில்லை.

ஆகவே அடி விழும் வீட்டில் இருக்கும் தங்கைக்குச் சொல்கிறேன். இன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். உங்கள் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, குடும்பப் பதிவுத் தாள், கொஞ்சம் கைப்பணம், இவற்றை ஒரே பையில் வைத்து வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். தாவீது சவுலின் ஈட்டிக்கு முன் நின்று பொறுமை காட்டவில்லை. மனைவி மீகாள் ஜன்னல் வழியாக இறக்கிவிட, ஓடித் தப்பினார். மன்னிப்பது வேறு, மறுபடி அடிபடப் போய் நிற்பது வேறு. தூரத்தில் இருந்துகொண்டும் மன்னிக்கலாம், அவருக்காக ஜெபிக்கலாம். அவர் குடியை விட்டு, சொல்லால் அல்ல மாதக்கணக்கான நடத்தையால் மாறியதைக் காட்டிய பிறகு, திரும்பிப் போவதைப் பற்றி யோசிக்கலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒருத்தி முகம் வீங்கி என் வீட்டுக்கு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உருக்கமாக ஜெபித்துவிட்டு, "பொறுத்துக்கொள் அம்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் கை முறிந்து வந்தாள். கர்த்தர் பார்த்துக்கொள்ளும்படி அவளை என்னிடந்தான் அனுப்பியிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மூப்பர்களே, போதகர்களே, நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

கணவர் பௌத்தர். மாமியார் பேரனுக்கு ஷின்பியூ செய்ய வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

பிள்ளையின் தலையை மழித்துச் சிறிது காலம் மடத்தில் சாமணேரனாக, அதாவது இளந்துறவியாக, வைக்கும் ஷின்பியூ பர்மியக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது நமக்குத் தெரியும். நம்மில் கலப்புத் திருமணங்கள் மிகுதி. ஆகவே இதைப் பாவம் என்ற ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

என் கருத்து இது. முதலில் மாமியாரோடு பேசாதீர்கள், கணவரோடு பேசுங்கள். திருமணத்தின்போது என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று இருவரும் நினைத்துப் பாருங்கள். கொடுத்த வாக்கு இருந்தால் அதை மீறிவிட்டு இயேசுவின் பெயரைச் சொல்ல முடியாது. வாக்கு ஒன்றும் இல்லையென்றால், உங்கள் மனச்சாட்சியை மறைக்காமல், மாமியாரின் மனத்தையும் மிதிக்காமல் சொல்லுங்கள். பிள்ளையை மட்டும் போர்க்களமாக்காதீர்கள்.

பவுலின் இளம் உடன்ஊழியன் தீமோத்தேயுவின் வீடு இப்படிப்பட்டதுதான். தாய் ஐனிக்கேயாள் விசுவாசியான யூதப்பெண், தகப்பன் கிரேக்கன். அந்த வீட்டில் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து மகனுக்கும் வந்தது என்று பவுல் எழுதுகிறார். அதை எழுதிய கையோடு, அடுத்த ஓரிரு வரியில் எழுதியதைப் பாருங்கள்: "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." காலண்டரில் அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கும் இந்த வசனம், இரண்டு நம்பிக்கைகள் உள்ள வீட்டில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு எழுதப்பட்டது. அந்தத் தாய் சண்டை போட்டதாக ஒரு வார்த்தையும் இல்லை. சிறுவயதுமுதல் அவன் வேத எழுத்துகளை அறிந்திருந்தான் என்று மட்டும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. மழைக்காலம் முடிந்து வரும் தடின்ஜு விளக்குத் திருநாளில் பர்மியப் பிள்ளைகள் பெரியவர்கள் முன் மண்டியிட்டு, தங்கள் பிழைகளைப் பொறுக்கும்படி கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். மாமியாரிடம் அப்படி மன்னிப்புக் கேட்க எந்தக் கிறிஸ்தவ மருமகளுக்கும் தடை இல்லை. எங்கள் தெருவில் ஒருத்தி அப்படிச் செய்தாள். அதுவரை அவள் சமைத்ததைத் தொடாத மாமியார் அன்றைக்கு அவள் கையால் சாப்பிட்டார்.

குடும்ப ஜெபம் நடத்த முடியவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எங்களுக்குப் பர்மிய எழுத்து சரளமாக வராது.

தமிழ்ப் பள்ளிகள் 1960களில் கைவிட்டுப் போன பிறகு, கோயில் வகுப்புகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இங்கே நம் எழுத்து. இதற்காகப் பிள்ளைகளைக் குற்றம் சொல்லாதீர்கள். நீங்கள் தமிழில் ஒரு வசனம் வாசியுங்கள், அதே வசனத்தைப் பிள்ளை பர்மிய வேதத்தில் வாசிக்கட்டும். எங்கே இரண்டும் வேறுபடுகின்றன என்று பேசினாலே பத்து நிமிடம் போய்விடும். அதுவே ஜெபவேளை. மின்சாரம் போன நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கைபேசியின் மின்கலமும் தீர்ந்திருக்கும், எல்லோரும் ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றித்தான் உட்கார வேண்டியிருக்கும்.

பிரசங்கம் வேண்டாம். ஜெபத்தில் பிள்ளையின் குற்றத்தைத் தேவனிடம் கோள் சொல்வதும் வேண்டாம். பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்துவிடும்.

கோபத்தில் பிள்ளையை அடித்துவிட்டேன். பெற்றவர் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடாதா?

போகாது. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயர் நிருபம் நேராகப் பெற்றவரைப் பார்த்துப் பேசுகிறது. இன்றே கேளுங்கள். "ஆனால் நீயும்..." என்று சேர்க்காமல் கேளுங்கள்.

எவ்வளவோ ஜெபித்தோம். ஆனாலும் இறந்துபோனார். இனி எதை நம்பி ஜெபிப்பது?

இந்தக் கேள்வி வரும்போது நான் வசனம் எடுத்துக் கொடுப்பதில்லை. இந்த மண்ணில் நடந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்வேன்.

அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் 1813 ஜூலையில் ரங்கூனில் வந்திறங்கினார்கள். முதல் மகன் எட்டு மாதக் குழந்தையாக இங்கே இறந்தான். 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசருக்கும் போர் மூண்டபோது, ஜட்சனை ஒற்றன் என்று சந்தேகித்து ஆவா நகரில் விலங்கு பூட்டிச் சிறையிட்டார்கள். ஆன் அப்போது கர்ப்பிணி. அதிகாரிகளின் வாசல் வாசலாக நடந்தார். சிறைக்குச் சோறு கொண்டுபோனார். கணவர் பர்மிய மொழியில் எழுதிவைத்திருந்த வேதத்தின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து உள்ளே கொடுத்தார். மகள் மரியா பிறந்தாள். கைதிகளை வேறு ஊருக்கு மாற்றியபோது குழந்தையோடு பின்தொடர்ந்தார். அங்கே ஆன் காய்ச்சலில் விழுந்து பால் வற்றிப்போனது. காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து வெளியே வர இடம் பெற்ற ஜட்சன், கால் விலங்கோடு அந்தக் கிராமத்தில் வீடு வீடாகப் போய், பால்கொடுக்கும் தாய்மாரிடம் தன் குழந்தைக்காகக் கெஞ்சினார். பெயர் தெரியாத அந்தப் பர்மியத் தாய்மாரை நினைக்கும்போதெல்லாம் என் கண் கலங்கும்.

விடுதலை கிடைத்தது. ஆனால் 1826 அக்டோபரில், மௌலமைனுக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள ஆம்ஹர்ஸ்டில், ஆன் இறந்தார். ஜட்சன் அப்போது உடன் இல்லை. ஆறு மாதத்தில் மரியாவும் போனாள். அதற்குப் பிறகு ஜட்சன் காட்டில் குடிசை போட்டுக்கொண்டு தனித்திருந்தார். ஒரு குழியை வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்ற பொருளில் கடிதம் எழுதினார். பர்மிய வேதத்தை நமக்குத் தந்தவர் எழுதியது இது. சபை அவரைத் தள்ளிவிடவில்லை, தேவனும் தள்ளிவிடவில்லை. 1834 ஜனவரியில் அவர் முழு வேதத்தின் மொழிபெயர்ப்பை முடித்தார். இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் வாசிப்பது பெரும்பாலும் அதைத்தான்.

எல்லாம் நன்மைக்கே என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனின் மரணத்தை எந்த மொழிபெயர்ப்பும் ஈடுசெய்யாது. அந்தக் குழியோரத்தில் ஓராண்டோ இரண்டாண்டோ உட்காருவது விசுவாசியின் வாழ்க்கைக்குள்ளேயே அடங்கும் என்பதற்காகச் சொல்கிறேன். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல். அதையும் ஜெபப்புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "தேவ சித்தம்" என்று சொல்லாதீர்கள். கஞ்சி கொண்டுபோங்கள். பாத்திரம் கழுவிக் கொடுங்கள்.

தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. மருத்துவரிடம் போனால் விசுவாசக் குறைவா?

குறைவு இல்லை, போங்கள். எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பி மறுபடி கொடுத்தான். அறிவுரை சொன்னதாக அங்கே இல்லை. சாக வேண்டும் என்ற நினைவு வந்தால் தனியாக இருக்காதீர்கள், அந்த இரவே ஒருவரை எழுப்புங்கள்.

1964இல் பாட்டனார் கப்பலேறிப் போனார், எங்கள் பக்கத்தை விட்டுவிட்டார். அந்தக் கசப்பு இன்னும் இரு குடும்பத்துக்கும் இடையே இருக்கிறது.

இருந்தவர்கள் போனவர்களைத் துரோகி என்றார்கள், போனவர்கள் இருந்தவர்களிடம் வீடும் கடையும் மிஞ்சியதாக நினைத்தார்கள். இரண்டு பக்கமும் இழந்தது இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை. யாக்கோபும் ஏசாவும் இருபது ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து சந்தித்தபோது, கணக்குப் பார்ப்பதற்கு முன் கட்டிக்கொண்டு அழுதார்கள். சென்னையிலோ, மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயிலோ உங்கள் உறவு இருந்தால் ஒரு பழைய நிழற்படத்தை அனுப்பிப் பாருங்கள். சொத்துப் பேச்சு பிறகு இருக்கட்டும்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. அப்போது என்ன செய்ய?

"பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குங்கள், அது போதும். எங்கள் தெருவில் ஒரு தமிழ் எழுத்துகூட வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இதை மட்டும் முழுவதும் தமிழில் சொல்வார்கள், காதால் கேட்டே கற்றது. என் பேரனுக்கு "பரமண்டலம்" என்றால் என்ன என்று தெரியாது. போன மழைக்காலத்தில் ஒரு இரவு வெளியே சத்தம் கேட்டு எல்லோரும் தரையில் படுத்திருந்தோம். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன்தான் இருட்டில் தொடங்கினான், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் வழக்கம்போல் ஒரு சொல்லை விட்டுவிட்டுச் சொன்னான். நான் திருத்தவில்லை.